பெயர் சொல்லிக் கூப்பிட்டால்

அன்பு மகளுக்கு,

வியாழக்கிழமை சாயங்காலம் போனில் நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். அதற்கு நான் அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், "இரும்மா, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று போனை உன் அம்மா கையில் திணித்துவிட்டு வெளியே போய்ப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கிழவனை எதிர்வீட்டுக்காரர் சன்னல் வழியாகப் பார்த்தார். அறுபத்தாறு வயதில் இந்த ஆளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். நீ சொன்னதைக் கேட்ட பிறகு என் கைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு பெக்கோக் ஊருக்கு அப்பால் உள்ள அந்த அருவிக்கு நடக்கப் போகிறாய். சிங்கப்பூரில் உன்னோடு வேலை செய்கிறவர்கள், பாதிப் பேர் காட்டுக்குள் கால் வைத்ததே இல்லை, நீதான் தலைமை. வன இலாகாவில் அனுமதி வாங்கிவிட்டாய், வழி காட்டும் கடிகாரம் கையில் இருக்கிறது, மருந்துப் பெட்டி இருக்கிறது, எல்லாம் சரிதான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "புதுசா வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டேன். "சொல்லிட்டேன்பா, கவலப்படாதீங்க லா. குரூப்புல பெரிய மெசேஜே போட்டிருக்கேன். காட்டுல யாரு பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது, பதில் பேசக்கூடாது, குரல் வர்ற பக்கமே போகக்கூடாது. சேகர் மாமா அப்படித்தானே மூணு நாளு தாக்குப்பிடிச்சாரு. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே" என்றாய்.

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்த மெசேஜை நீ அழித்துவிட வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம், ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் எரிந்து விழுவேன், பாதியில் வேறு எதையாவது இழுத்துப்போட்டுத் தப்பித்துக்கொள்வேன். பத்தொன்பது வருஷமாகத் தப்பித்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு அது ஒரு பெரிய காரியமில்லை. காகிதத்தில் அது நடக்காது. படித்த பிறகு உன்னோடு வரும் எட்டுப் பேருக்கும் இதைப் படித்துக் காட்டு. தமிழ் தெரியாதவர்களுக்கு நீயே எடுத்துச் சொல். அப்பாவுக்கு அவமானம் என்று எந்த வரியையும் விட்டுவிடாதே.

செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்த நாங்கள் தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு அந்த அருவிக்குப் போவது வழக்கம். ஆலையில் லீவு கிடைக்கும், வீட்டில் முறுக்கு மிஞ்சியிருக்கும், மனம் உல்லாசமாக இருக்கும். ஆனால் அது மழைக்காலம் தொடங்குகிற சமயம். வருஷத்தில் எந்த மாதம் ஆற்றுப் பக்கம் போகக்கூடாதோ அந்த மாதத்தைத்தான் நம் பண்டிகை நமக்குப் பிடித்துக் கொடுக்கிறது. நாமும் வருஷா வருஷம் பிள்ளை குட்டிகளோடு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். நீயும் லீவு சேர்ந்து வருகிறது என்று அதே வாரத்தைத்தான் எடுத்திருக்கிறாய். இங்கே பத்து நாளாக மத்தியானம் ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. நேற்று பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்த்தேன். பால் கலந்த தேநீர் நிறத்தில் ஓடுகிறது.

அந்த வருஷம் மூன்று பேர் போனோம். நான், என்னோடு ஆலையில் வேலை செய்த தேவா, உன் சேகர் மாமா. சேகர், உன் அம்மாவுக்கு ஒரே தம்பி. சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குத் தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டிப் போய்வந்தவன். வாரக்கடைசியில் நம் வீட்டுக்கு வந்து உன்னோடு சதுரங்கம் விளையாடி வேண்டுமென்றே தோற்பவன். அவன் அதுவரை காடு பார்த்ததில்லை. அவனைக் கூட்டிப்போனது நான். தேவாவின் வேனில் போகும்போது அவனுக்குக் காட்டு விதிகளைச் சொல்ல ஆரம்பித்தேன். காட்டுக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, 'ஓய்' என்றுதான் கூப்பிட வேண்டும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. இந்தப் பக்கம் காட்டுக்குப் போகிற மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கும் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஏன் மச்சான் பேரு சொல்லக்கூடாது?" என்று அவன் கேட்டான். அவன் கண்ணில் பயம் தெரிந்தது. எனக்குக் கதை சொல்வதில் ஒரு ருசி உண்டு, உனக்கே தெரியும். எதிரே இருப்பவர் பயந்துவிட்டால் அந்த ருசி இரண்டு மடங்காகிவிடும். "நம்ம பேரத் தெரிஞ்சுக்கிட்டா அது கூப்பிடும்" என்றேன். "வேற குரல்ல வராது. உனக்குத் தெரிஞ்சவங்க குரல்லதான் வரும். முதல்ல பேரு சொல்லிக் கூப்பிடும். நீ போகலன்னா கெட்ட கெட்ட வார்த்தையில திட்டும். அதுக்கும் போகலன்னா அழும். அழுவுதேன்னு பாவம் பாத்துப் போன, அதோட முடிஞ்சிச்சு. திரும்பிப் பாக்காம ஓடிடணும்." மரம் ஏற்றும் லோரி ஓட்டுநர் ஒருவர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார் என்றும் சொன்னேன். அப்படி ஒரு ஓட்டுநர் கிடையாது. கூப்பிடும், திட்டும், அழும் என்ற வரிசையை அந்த வேனில், அந்த நிமிஷத்தில், நானே கட்டினேன். தேவா வண்டி ஓட்டிக்கொண்டே சிரித்தார். சேகர் சிரிக்கவில்லை.

வழியில் டயர் பஞ்சர். நடக்கத் தொடங்கவே பதினொரு மணி ஆகிவிட்டது. அருவிக்கு மூன்று மணி நேர நடை. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று நான்தான் இழுத்துப்போனேன். காட்டில் ஆளைக் கொல்லுகிற வார்த்தைகளில் அதுவும் ஒன்று. ஒன்றரை மணிக்கு மழை பிடித்தது. இரண்டு மணிக்கு ஒரு சின்ன ஓடையைத் தாண்டும்போது தண்ணீர் நிறம் மாறியிருந்ததைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி ஓடிய தண்ணீரில் சேறும் பச்சை இலைகளும் ஒடிந்த குச்சிகளும் வந்தன. நீ நிற்கிற இடத்தில் தூறல்தான் இருக்கும். மேலே மலையில் கொட்டுகிற மழை ஒரு சுவர் மாதிரி ஒரே மூச்சில் இறங்கிவரும். அருவியின் இரைச்சல் காதில் விழும் தூரத்தில்தான் இருந்தோம். திரும்புவோம் என்றேன். அந்த ஒன்றைச் சரியாகச் செய்தேன். அடுத்ததைக் கெடுத்தேன். வேனுக்குப் போகக் கீழே இன்னொரு பெரிய ஓடையைத் தாண்ட வேண்டும். அது பெருகுவதற்குள் போய்விட வேண்டும் என்று, பின்னால் வருபவர்களைப் பார்க்காமல் முன்னால் விறுவிறுவென்று நடந்தேன்.

சேகர் காலில் அட்டைகள் ஏறிவிட்டன. அவன் சப்பாத்தைக் கழற்றிக் கீழே உட்கார்ந்து, பின்னால் வந்த தேவாவிடம், "நீங்க போங்கண்ணே, நான் பிடிச்சிடுறேன்" என்றிருக்கிறான். தேவாவுக்கு முன்னால் போன என்னையும் விட மனமில்லை. அவனை விட்டுவிட்டு வந்தார். அவன் எழுந்து பார்த்தபோது முன்னால் இரண்டு வழி. ஒன்று நாங்கள் வந்த ஒற்றையடிப் பாதை. மற்றொன்று முன்பு மரம் வெட்டியவர்கள் லோரி ஓட்டிய பழைய மண்பாதை. அகலமாக இருந்ததால் அதுதான் வெளியே போகும் வழி என்று நினைத்துவிட்டான். நானும் புதியவனாக இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். அந்தப் பாதை எங்கும் போவதில்லை. அரை மைல் போனதும் புதரில் முடிந்துவிடும். ஓடைக்கரையில் நான் திரும்பிப் பார்த்தபோது தேவா மட்டும் வந்துகொண்டிருந்தார்.

இருவரும் திரும்ப ஓடினோம். முதலில் 'ஓய்' என்றுதான் கூப்பிட்டோம். நான் ஒருமுறை, தேவா ஒருமுறை. காட்டு மழையில் நம் குரல் நம் காதுக்கே ஒழுங்காக விழாது. ஒரு தடவை மேலே எங்கிருந்தோ ஒரு 'ஓய்' வந்தது போல் இருந்தது. தேவா என் கையைப் பிடித்து, "கேட்டிச்சாண்ணே?" என்றார். பிறகு ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் அப்படிப் போனது. வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. எனக்கு உன் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு விதியாவது ஒன்றாவது. 'சேகர்' என்று கத்தினேன். தேவா பாய்ந்துவந்து, "பேரு சொல்லாதீங்கண்ணே" என்று என் வாயைப் பொத்தினார். அவரைத் தள்ளிவிட்டேன். மறுபடியும் மறுபடியும் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வரும். "எங்கடா போய்த் தொலைஞ்ச, நாயே" என்று வாயில் வந்ததையெல்லாம் வைத்துத் திட்டினேன். அதுவும் முடிந்து, ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு, "உங்க அக்காவுக்கு நான் என்னடா பதில் சொல்வேன்" என்று சத்தம் போட்டு அழுதேன். நான் எந்த வரிசையில் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தேவாதான் என்னை இழுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டவைத்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. போன் வேலை செய்கிற இடத்துக்கு வந்து மீட்புப் படையைக் கூப்பிட்டோம். மறுநாள் முழுக்கத் தேடினார்கள். அன்றைக்குச் சேகரின் தொப்பி மட்டும் கிடைத்தது. பிரம்புக் கொடியின் முள்ளில் மாட்டித் தொங்கியது. நான் சாய்ந்து அழுத மரத்திலிருந்து அந்த இடத்துக்கு நடந்து பார்த்தேன். தொண்ணூறு அடி எடுத்து வைத்தேன். நான் கத்துவதற்கு முன்பே அந்தப் பக்கம் போயிருப்பான் என்று சமாதானம் செய்துகொண்டேன். மூன்றாம் நாள் காலையில் தேடுதலுக்கு உதவ வந்த பூர்வகுடிக்காரர் ஒருவர் அவனைக் கண்டுபிடித்தார். மலையின் மறுபக்கத்து ஓடையில், பாறைக்கு அடியில், பாதி உடம்பு தண்ணீரில் இருக்க உட்கார்ந்திருந்தான். கால் முழுக்கப் புண். உயிர் இருந்தது. உன் அம்மா காட்டு வாயிலில் மண்ணில் விழுந்து கும்பிட்டாள்.

ஹாஸ்பிட்டலில் இரண்டாம் நாள். அம்மா சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். நானும் அவனும் மட்டும். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், நீங்க மட்டும் வண்டியில சொல்லலன்னா நான் இன்னிக்கு இல்ல" என்றான். "நீங்க 'ஓய்'னு கூப்பிட்டது கேட்டிச்சு. நானும் 'ஓய்'னேன். சத்தம் வந்த பக்கமாவே வந்தேன். ரொம்பக் கிட்ட வந்துட்டேன். அப்பதான் அது ஆரம்பிச்சிச்சு." எது என்று கேட்டேன். "அதுதான் மச்சான். உங்க குரலு. அச்சு அசலு உங்க குரல்லயே பேரு சொல்லிக் கூப்பிட்டிச்சு. அப்படியே நின்னுட்டேன். அப்புறம் நீங்க சொன்ன மாதிரியே திட்டிச்சு. திரும்பி ஓட ஆரம்பிச்சேன். தொப்பி எங்கயோ மாட்டிக்கிச்சு, எடுக்கக்கூட நிக்கல. ஓட ஓட, அழுதிச்சு மச்சான். அக்காவச் சொல்லி அழுதிச்சு. பாவமா இருந்திச்சு. ஆனா நீங்க சொன்னது ஞாபகம் வந்திச்சு. நிக்காம ஓடிட்டேன்." இதைச் சொல்லிவிட்டு, "ரொம்ப தாங்ஸ் மச்சான்" என்றான்.

அது நான்தான்டா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "சரி, படுத்துக்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவன் நன்றாகத் தேறி வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிவருகிறேன். உண்மை என்னவென்றால், அவன் எனக்கு நன்றி சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அவன் நம் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருந்தான். வந்து பார்த்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னான். உனக்குப் பன்னிரண்டு வயது. அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டாய், திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாய். நான் கதவருகே நின்றிருந்தேன். பிறகு காய்ச்சல் வந்தது. அலைச்சல்தான், இரண்டு மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றான். மூன்று நாள் அப்படியே போனது. கெண்டைக்கால் வலிக்கிறது என்றான். கண் மஞ்சளாகத் தெரிந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். எலிக்காய்ச்சல் என்றார்கள். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீர், உடம்பில் திறந்த புண், அந்த ஓடையில் இரண்டு ராத்திரி. ஹாஸ்பிட்டலில் சேர்த்த நான்காம் நாள் போய்விட்டான். அவனுக்குக் கேட்டது என் குரல் என்று தெரியாமலே போய்விட்டான்.

உனக்குத் தெரிந்தது இதில் பாதி. காட்டில் பேய்க் குரலுக்கு ஏமாறாத மாமா, கடைசியில் ஒரு காய்ச்சலில் போனார் என்பதுதான் நம் வீட்டுக் கதை. உன் அம்மா அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தாள். கோபத்தையெல்லாம் தேவாமீது காட்டினாள். "கடைசியா வந்தவரு அவருதானே, எப்படி விட்டுட்டு வரலாம்?" என்று சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டாள். தேவா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். நான் என் வாயாலேயே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருஷம் அவர் கூலாய்ப் பக்கம் குடிபோனார். வீட்டில் நான் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, கவனித்திருக்கிறாயா? அம்மா என்பேன், ஏய் என்பேன். பாசம் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். பாசமும்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ போகாதே என்று நான் எழுதப் போவதில்லை. சொன்னால் கேட்கிற ஆளா நீ? ஆனால் நீ திரும்ப வேண்டிய நேரத்தை இன்றைக்கே முடிவு செய். ஒரு மணி என்றால் ஒரு மணி. அருவி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிடு. தண்ணீர் நிறம் மாறினாலோ குப்பை வந்தாலோ ஓடையைத் தாண்டாதே, மேட்டில் ஏறி உட்கார்ந்துகொள், எத்தனை மணி நேரமானாலும் சரி, மறுநாள் வேலைக்குப் போக முடியாவிட்டாலும் சரி. உங்களில் மெதுவாக நடக்கிறவர் யாரோ அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். கடைசியில் வருவது நீயோ, உன்னளவு அனுபவம் உள்ளவரோ ஆக இருக்கட்டும். ஒருவர் அட்டை பிடுங்க உட்கார்ந்தால் ஒன்பது பேரும் நிற்க வேண்டும். நீங்க போங்க, நான் வரேன் என்ற பேச்சே இருக்கக்கூடாது. படத்தில் அழகாக இருக்கிறது என்று நீ போட்டுக்கொள்கிற அந்தக் கரும்பச்சைச் சட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போ. தேடுகிறவன் கண்ணுக்கு நீ ஒரு புதர் மாதிரி இருப்பாய். ஆரஞ்சோ மஞ்சளோ போடு, பார்க்கக் கண்றாவியாக இருந்தாலும் பரவாயில்லை. ஆளுக்கு ஒரு விசில், ஒரு டார்ச், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, இவை பையில் அல்ல, உடம்போடு இருக்கட்டும். எத்தனை மணிக்கு வெளியே வருவாய் என்று எங்களுக்கு எழுதி அனுப்பு. அதற்கு மேல் ஒரு மணி நேரம் பார்ப்பேன், பிறகு மீட்புப் படையைக் கூப்பிடுவேன். பின்னால் என் மானத்தை வாங்கிட்டீங்களே என்று கத்தாதே. திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், காட்டு ஓடையில் இறங்கினேன் என்பதை டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லச் சொல்.

வழி தெரியவில்லை என்று தோன்றிய அந்த நிமிஷமே நின்றுவிடு. இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம் என்று போகாதே. மரத்தடியில் உட்கார், விசிலை மும்மூன்றாக ஊது. யாராவது கூப்பிட்டால் பதில் கொடு. எந்தக் குரலானாலும், பெயரைச் சொன்னாலும், திட்டினாலும், அழுதாலும். காட்டில் ஒன்றுமே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. இத்தனை பேர் இத்தனை காலமாகச் சொல்கிறார்கள், எனக்குத் தெரியாத ஏதாவது இருந்தாலும் இருக்கும். ஆனால் உன்னைத் தேடி வருகிறவர்கள் மனிதர்கள். அவர்களுக்கு உன் பெயர்தான் தெரியும். பயந்தால் திட்டுவார்கள். முடியாமல் போனால் அழுவார்கள். தேடுகிற மனிதன் எப்படி இருப்பானோ அதைத்தான் பேய் என்று நான் உன் மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நேற்று மத்தியானம் இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உனக்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் சோபாவில் உட்கார்ந்து அசையாமல் கேட்டாள். முடித்ததும், "எத்தன அடின்னு சொன்னீங்க?" என்றாள். தொண்ணூறு என்றேன். "தேவா நம்பர் இருக்கா?" என்றாள். கொடுத்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் பேசினாள், அழுதாள். சாயங்காலம் எனக்குச் சாப்பாடு போட்டு வைத்தாள். என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. முப்பத்துமூன்று வருஷத்தில் அவள் என்னிடம் சண்டை போடாத முதல் நாள் அது. எனக்கு அது சண்டையைவிடப் பயமாக இருந்தது.

இன்று காலையில் தேநீர்க் குவளையோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அவளப் போக வேணாம்னு எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எழுதாதீங்க. போகட்டும். ஆனா சொன்ன நேரத்துக்கு அவ வெளிய வரலன்னா நானும் அந்தக் காட்டுக்கு வருவேன். அங்க நீங்க வாயத் தொறக்கக்கூடாது. என் புள்ளய நான் கூப்பிட்டுக்கிறேன்."

சரி என்றேன். அதனால் அங்கே உன் பெயர் காதில் விழுந்தால் அது உன் அம்மா. நின்ற இடத்திலேயே நின்று, தொண்டை கிழியப் பதில் சொல்.

அப்பா